மிச்சம் பிடிப்பது யார்? மிச்சம் யாருக்கு?

பெட்ரோலைச் சிக்கனமாகச் செலவு செய்யும்படி மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு சர்க்கார் உபதேசம் செய்யத் தொடங்கி அரை நூற்றாண்டு நெருங்குகிறது. 1978ல் இதற்கென்றே பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் என்ற அமைப்பு ஒன்றை மத்திய சர்க்கார் ஏற்படுத்தியது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள், நிற்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்துங்கள், டயரில் காற்றைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள், கிளட்சின் மேல் காலை வைத்தபடியே ஓட்டாதீர்கள் என்பன அதன் புத்திமதிகள்.

புத்திமதியில் தவறு ஏதுமில்லை. ஆனால் இதைக் கேட்டதும் நம் வாசகர்களில் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். கார் வைத்திருக்கிறவனுக்குச் சொல்ல வேண்டியதை நமக்கு ஏன் சொல்கிறார்கள்? களை பறிக்கிறவர்களுக்கும் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கண்டாச்சிபுரத்திலிருந்தே கணக்கைத் தொடங்குவோம்.

கண்டாச்சிபுரம் தாலுகாவின் தலைமை ஊர். அங்கிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் தினந்தோறும் விழுப்புரம் போய் வரும் ஒரு தொழிலாளி மொபெட்டில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1980ல் டி.வி.எஸ். 50 வண்டி விற்பனைக்கு வந்தபோது அது பள்ளிக்கூட வாத்தியார் வீட்டு வாசலில் நின்றது. இன்று அதன் பேரன் குடிசை வாசலில் நிற்கிறது. சொகுசுக்காக அல்ல, பஸ் இல்லாத நேரத்தில் வேலைக்குப் போக வேண்டியிருப்பதால் நிற்கிறது. போக 30, வர 30, ஆக 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் ஒரு நாளைக்கு 1.2 லிட்டர் வேண்டும். 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகும் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. ஆக, ஒரு நாள் போக்குவரத்துக்கு 120 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வேலை செய்யும் இடத்துக்குப் போய் வருவதிலேயே புகையாகிப் போகிறது!

இந்த 120 ரூபாயில் பத்தில் ஒரு பங்கு மிச்சம் பிடிக்க முடிந்தால் நாளொன்றுக்கு 12 ரூபாய். 25 நாள் வேலைக்கு 300 ரூபாய். மாதத்தில் ஏறக்குறைய ஒரு நாள் கூலி. முதலாளியிடம் கேட்டுப் போராடி வாங்க வேண்டிய தொகை இது. இதை வண்டி ஓட்டும் கையிலேயே வாங்க முடியுமானால் அதை விட்டுவிடலாமா? விடக்கூடாது என்பதே நம் கருத்து. ஆகவே முதலில் அந்த வழிகளைப் பார்ப்போம். அதன் பிறகு, உபதேசம் செய்கிறவர்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்லுவோம்.

வண்டியில் ஊற்றும் பெட்ரோல் முழுவதும் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. முக்கால் பங்கு எஞ்சின் சூடாகவும் புகைக் குழாயின் சூடாகவும் வெளியேறிவிடுகிறது. மிஞ்சிய கால் பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. அந்தக் கால் பங்கையும் எப்படி இழக்கிறோம்? பிரேக் பிடித்து இழக்கிறோம். இதை டிரைவர் தோழர்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். எருதுகளை விரட்டி வண்டியை ஓடவிட்டு, பத்தடி தள்ளித் தாம்பைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறவனை நாம் என்ன சொல்லுவோம்? மாட்டின் வலுவை வீணாக்குகிறான் என்போம். முறுக்கி எடுப்பதும் பிரேக் போடுவதுமாக ஓட்டுகிறவர் செய்வதும் அதுவே. மாடாக இருந்தால் மூச்சு வாங்கும், நமக்குத் தெரியும். பெட்ரோல் மூச்சு வாங்குவதில்லை, அதனால் தெரிவதில்லை. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும், காசு கொடுத்து வாங்கிய வேகத்தை பிரேக் கட்டையில் தேய்த்துச் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம்.

இதில் எவ்வளவு போகிறது? அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வேகமாக எடுத்து, விரட்டி, சட்டென்று நிறுத்தும் பழக்கத்தால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவிகிதம் வரையும், நின்று நின்று போகும் ஊர்ச் சாலையில் 10 முதல் 40 சதவிகிதம் வரையும் மைலேஜ் குறைகிறது என்கிறது அது. வேறு எந்த வழியிலும் இவ்வளவு மிச்சம் கிடைக்காது. செய்ய வேண்டியது என்ன? தூரத்தில் வேகத்தடையோ ஆட்டு மந்தையோ சந்தைக் கூட்டமோ தெரிந்தவுடனே முறுக்கியிருந்த கையைத் தளர்த்திவிட வேண்டும். வண்டி தானாகவே இளைத்து வரும். பிரேக்குக்கு வேலை குறையும், பிரேக் கட்டையும் மிஞ்சும். அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த டிரைவர்களைக் கவனித்துப் பாருங்கள், பிரேக் மிதிப்பதே தெரியாது.

இங்கே ஒரு தப்பான பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு வண்டியைச் சும்மா உருட்டிவிடுவது சிக்கனம் என்று ஷேர் ஆட்டோ டிரைவர்களும் வேன் டிரைவர்களும் பலர் நம்புகிறார்கள். கார்புரேட்டர் இருந்த காலத்தில் அந்த நம்பிக்கைக்கு ஏதோ ஓர் ஆதாரம் இருந்திருக்கலாம். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிப்படி வந்த பெட்ரோல் வண்டிகளில் எண்ணெயை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. கார்களில் அது பல வருஷங்களுக்கு முன்பே வந்துவிட்டது. இந்த வண்டி கியரில் ஓடும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் பொதுவாக எண்ணெய் தெளிப்பதே நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க எண்ணெய் தெளித்தே தீரவேண்டும். ஆக, சிக்கனம் என்று செய்வது செலவாக முடிகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் நியூட்ரலில் ஓடும்போது முழுப் பளுவும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் காய்ந்து பிடிக்காமல் போனால் வண்டியில் உட்கார்ந்திருக்கும் நடவாட்களின் கதி என்ன? ஒரு சொட்டு டீசலுக்காக யாருடைய உயிரையும் பணயம் வைக்க வேண்டாம்.

அடுத்து வேகம். காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் வண்டி ஓடும்போது அது ஒரு சுவர். வேகம் கூடக் கூட அந்தச் சுவர் தடித்துக்கொண்டே போகும். 50 கிலோமீட்டரில் போகும்போது இருக்கும் காற்றுத் தடையைப்போல் 80 கிலோமீட்டரில் இரண்டரை மடங்கு. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, கார்களின் ராஜ்யமான அமெரிக்காவே நடுங்கிப்போய், 1974 ஜனவரியில் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று சட்டம் போட்டது. திண்டிவனம், விக்கிரவாண்டி வழியாகச் சென்னைக்குப் பாய்ந்து போகும் கார்க்காரர்களுக்கு இந்தச் சங்கதி நினைவிருந்தால் நல்லது. மொபெட்டில் போகும் நம் தொழிலாளிக்கு அந்த வேகம் கிடையாது. அவர் 40, 45க்கு மேல் முறுக்காமல் இருந்தால் போதும்.

டயரில் காற்று குறைந்தால் வண்டி மணலில் ஓடுவதுபோல் இழுக்கும். பத்து பவுண்டு குறைந்தால் சுமார் 2 சதவிகிதம் மைலேஜ் போகும், டயரும் ஓரத்தில் தேய்ந்து சீக்கிரமே மாற்ற வேண்டிவரும். வாரம் ஒரு தடவை, காலையில் டயர் சூடாகும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. மொபெட்டையும் மோட்டார் சைக்கிளையும் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுழலாமல் பிடிக்கிறதா? பிரேக் இறுகியிருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் வழி முழுவதும் பிரேக் பிடித்தபடி ஓட்டுகிறீர்கள். இதைச் சரிசெய்ய மெக்கானிக்கிடம் போகவேண்டியதில்லை, ஒரு ஸ்பானர் போதும். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். மண் சாலையில் ஓடும் வண்டியில் காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டே இருங்கள். காரில் ஏ.சி. போட்டால் எண்ணெய் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மைதான். நம் வாசகர்களுக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

அதிகாலையில் பெட்ரோல் போட்டால் குளிர்ச்சியில் அதிகம் கிடைக்கும் என்றும், 100 ரூபாய்க்குப் பதிலாக 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்றும் சொல்லப்படும் யோசனைகளை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பங்கில் டாங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது. இரவும் பகலும் அதன் சூடு அதிகமாக மாறுவதில்லை. எண்ணெய்க் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் ஏறும் என்று சந்தையில் கூவி விற்கிறவர்களும் உண்டு. அந்தக் காசுக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். புதுச்சேரி எல்லையில் விலை குறைவு என்று விழுப்புரத்திலிருந்து மதகடிப்பட்டு வரை போகிறவர்களும் கொஞ்சம் கணக்குப் போடட்டும். லிட்டருக்கு 5 ரூபாய் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். மொபெட்டில் 3 லிட்டர் போட்டால் லாபம் 15 ரூபாய். போய் வர ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடினால் செலவு 80 ரூபாய்! வேறு வேலையாகப் போகும்போது போட்டுக்கொள்வது வேறு விஷயம்.

ஆக, டிரைவரின் கையிலும் காலிலும் இருக்கும் மிச்சம் இவ்வளவு. இது அற்பமல்ல. இனி, அவர் கையிலும் காலிலும் இல்லாததைப் பார்ப்போம்.

நிற்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்து என்கிறார்கள். அரை நிமிடத்துக்கு மேல் நிற்பதானால் நிறுத்துவதே லாபம், சந்தேகமில்லை. ஆனால் அரவைக் காலத்தில் ஒரு கரும்பாலை வாசலுக்குப் போய்ப் பாருங்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எடை மேடையை நோக்கி வரிசை கட்டி நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பத்தடி நகரும். எஞ்சின் படபடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். ஏனப்பா அணைக்கவில்லை என்று அங்கே ஒரு டிரைவரைக் கேட்டோம். அவர் சொன்ன பதில் எந்த ஆராய்ச்சிச் சங்கத்தின் புத்தகத்திலும் இல்லை. பேட்டரி செத்துக் கிடக்கிறது, அணைத்தால் பத்துப் பேர் தள்ளினால்தான் மறுபடி எடுக்கும், பின்னால் டன் கணக்கில் கரும்பு இருக்கும்போது யார் வந்து தள்ளுவார்கள் என்றார். புது பேட்டரி கேட்டால், அறுவடை முடியட்டும் என்கிறாராம் வண்டிக்காரர். சும்மா நிற்கும் டிராக்டர் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், நாலு மணி நேர வரிசையில் நாலு லிட்டர் போய்விட்டது. அறுவடை முடிவதற்குள் பேட்டரி விலைக்கு மேலேயே புகை போய்விடும். இந்த விரயம் யாருடையது? டிரைவருடையதா? பேட்டரி வாங்கித் தராதவருடையதா? இத்தனை மணிக்கு இத்தனை வண்டி என்று நேரம் குறித்துக் கொடுத்து வரிசையைக் குறைக்காத நிர்வாகத்துடையதா?

டிப்பர் லாரிகளின் கதை இன்னும் மோசம். நடைக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. நாலு நடை அடித்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அந்த டிரைவரிடம் போய் 50 கிலோமீட்டரில் ஓட்டு என்று சொல்லுவது பட்டினி கிட என்று சொல்லுவதற்குச் சமம். ஷேர் ஆட்டோ டிரைவருக்கோ தின வாடகை அல்லது மாதத் தவணை கழுத்தில் கத்தியாக நிற்கிறது. முன்னால் போகும் ஆட்டோ அடுத்த நிறுத்தத்தில் ஆளை ஏற்றிக்கொண்டுவிடும் என்ற பயத்தில் அவர் முறுக்குகிறார், பாய்கிறார், பிரேக் போடுகிறார். பெட்ரோல் எரிவது பேராசையால் அல்ல, பிழைப்பின் நெருக்கடியால்.

வாடகைக் காரிலும் லாரியிலும் சம்பளத்துக்கு ஓட்டும் தோழர்கள் நம்மிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை ஒன்று உண்டு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி ஒரு கணக்கு வைத்திருப்பார். வண்டி புதிதாக இருந்தபோது எழுதிய கணக்கு. எட்டு வருஷம் ஆனபிறகும் அதே கணக்கு. சாலை குண்டும் குழியுமாக இருந்தாலும் அதே கணக்கு. அனுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றினாலும் அதே கணக்கு. கணக்குக்குக் குறைந்தால் படியில் பிடித்துக்கொள்வார். சரி, டிரைவர் பக்குவமாக ஓட்டி, கணக்குக்கு மேல் பத்து லிட்டர் மிச்சம் பிடித்தால் அது யாருக்கு? முதலாளிக்கு! நஷ்டம் வந்தால் டிரைவருடையது, லாபம் வந்தால் முதலாளியுடையது. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம். மிச்சம் பிடித்த எண்ணெயின் விலையில் பாதியாவது டிரைவருக்குச் சேர வேண்டும். பழுதான வண்டிக்கும் கூடுதல் பாரத்துக்கும் காத்திருந்த நேரத்துக்கும் படியில் பிடிக்கக் கூடாது. இதில் முதலாளிக்கும் நஷ்டமில்லை. மிச்சத்தில் பங்கு உண்டு என்றால் எந்த டிரைவர்தான் மிச்சம் பிடிக்க மாட்டார்?

அரசு பஸ் டிரைவர்களுக்கும் இதே தலைவலி வேறு உருவத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு பஸ்கள் லிட்டர் டீசலுக்கு 5 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமாக ஓடுகின்றன. ஐம்பது பேரைச் சுமந்துகொண்டு, நூறு இடத்தில் நின்று நின்று போகும் வண்டிக்கு இது லேசான சாதனை அல்ல. இந்தப் பெருமை டிரைவருடையது, கிரீஸ் படிந்த கையோடு பணிமனையில் நிற்கும் தொழிலாளியுடையது. ஆனால் மைலேஜ் குறைந்தால் விளக்கம் கேட்டு வரும் கடிதம் மட்டும் டிரைவர் பெயருக்கே வருகிறது. உதிரிப் பாகம் வாங்காதவருக்கு அந்தக் கடிதம் போவதில்லை. பைபாஸில் ஓடும் பஸ்ஸையும் ஊருக்கு ஊர் நிற்கும் டவுன் பஸ்ஸையும், புது வண்டியையும் பழைய வண்டியையும் ஒரே தராசில் நிறுத்துவது தகாது.

டிரைவர் எவ்வளவு பக்குவமாக ஓட்டினாலும் மிச்சம் பிடிக்க முடியாத இன்னொரு இடம் பெட்ரோலுக்குள்ளேயே இருக்கிறது. 2025ல் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலப்பது என்ற இலக்கை எட்டிவிட்டதாக மத்திய சர்க்கார் பெருமையோடு அறிவித்தது. வெளிநாட்டு எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே கலப்பு கூடினால் கிலோமீட்டர் குறையும். இதை நாம் சொல்லவில்லை. நீதி ஆயோக் 2021ல் வெளியிட்ட நிபுணர் குழு அறிக்கையே, 10 சதவிகிதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்த பழைய ரகக் கார்களில் 6 முதல் 7 சதவிகிதமும், அதே மாதிரி இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவிகிதமும் மைலேஜ் குறையும் என்று சொல்லியிருக்கிறது. குறையும் கிலோமீட்டருக்கு ஏற்ப விலையைக் குறைத்தார்களா? இல்லை. டயருக்குக் காற்றடித்து நம் தொழிலாளி மிச்சம் பிடித்த 2 சதவிகிதத்தை, பங்கில் குழாயை நீட்டும்போதே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்! எத்தனாலுக்கான கரும்பை விழுப்புரம் வயல்களில் வெட்டிக் கட்டுகிறவரும் இதே தொழிலாளிதான் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

விலையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1973 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து வாஜ்பாய் டில்லியில் மாட்டு வண்டியில் ஏறிப் பார்லிமெண்டுக்கு வந்தார். அவரே பிரதம மந்திரியாக இருந்தபோது, 2002 ஏப்ரலில், எண்ணெய் விலையை சர்க்கார் நிர்ணயிக்கும் பழைய முறைக்கு முடிவு கட்டினார்கள். மாட்டு வண்டியை எங்கே கட்டிப்போட்டார்களோ தெரியவில்லை. 2010 ஜூனில் காங்கிரஸ் ஆட்சி பெட்ரோல் விலையை அவிழ்த்துவிட்டது. 2014 அக்டோபரில் பா.ஜ.க. ஆட்சி டீசல் விலையை அவிழ்த்துவிட்டது. 2017 ஜூன் முதல் தினம் ஒரு விலை. 2020ல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பாதாளத்துக்கு விழுந்தபோது அந்த லாபம் பங்குக்கு வரவில்லை. பெட்ரோல் மீதான மத்திய வரியை லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசாக ஏற்றிக்கொண்டார்கள். 2014ல் அது 9 ரூபாய் 48 காசு. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் ஓரளவு இறக்கினார்கள், 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் ஏற்றினார்கள். மாநில சர்க்காரும் தன் பங்குக்கு வரி வாங்குகிறது. 2021 ஆகஸ்டில் அது பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மூன்று பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகளும் 2023-24ல் சேர்ந்து ஈட்டிய லாபம் ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய். அந்த வருஷத்தின் கடைசி மாதத்தில்தான், அதுவும் பார்லிமெண்டு தேர்தல் அறிவிப்புக்கு முதல் நாள், லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கனம் ஒன்று உண்டு. கண்டாச்சிபுரத்திலிருந்து விழுப்புரத்துக்கு 30 கிலோமீட்டர் என்று சொன்னோம். அந்தத் தூரத்துக்குத் தனியாகக் காரில் போகிறவர் சுமார் 2 லிட்டர் எரிக்கிறார். தனியாக மொபெட்டில் போகிறவர் 600 மில்லி எரிக்கிறார். பஸ்ஸோ 6 லிட்டர் எரிக்கிறது, ஆனால் ஐம்பது பேரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தலைக்கு 120 மில்லி! ஒரு டீ கிளாஸ் அளவு. மொபெட் டிரைவர் எவ்வளவுதான் பிரேக்கைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தாலும், காற்றை அளந்து அளந்து அடித்தாலும், ஐந்தில் ஒன்றாகக் குறைக்க முடியுமா? பஸ் குறைக்கிறது.

1972ல் தமிழ்நாட்டில் அரசு போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. 1975ல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் தொடங்கிய விழுப்புரம் கழகம்தான் இந்த வட்டாரத்துக் கிராமங்களுக்கு பஸ்ஸைக் கொண்டுவந்தது. 2021 மே முதல் சாதாரண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபிறகு, விவசாயத் தொழிலாளிப் பெண்கள் கையில் நாள்தோறும் கொஞ்சம் காசு நிற்கிறது. இதை மனமார வரவேற்கிறோம். ஆனால் விடிவதற்கு முன் நடவுக்குப் போகிறவர்களுக்கும் இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கும் பஸ் எங்கே? அந்த நேரத்தில் பஸ் இல்லாததால்தான் ஆண்கள் தவணையில் மொபெட் வாங்குகிறார்கள். பெண்கள் லோடு வண்டியின் பின்புறத்தில் ஆடுமாடுகளைப்போல் நின்றுகொண்டு போகிறார்கள். எண்ணெயை மிச்சம் பிடிப்பதில் சர்க்காருக்கு உண்மையான அக்கறை இருக்குமானால், காலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் தாலுகா ஊர்களிலிருந்து பஸ் விடட்டும். ஓடாமல் நிற்கும் தடங்களைத் திரும்ப ஓட்டட்டும். சாலைக் குழிகளை அடைக்கட்டும். குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் பிரேக், பிறகு முறுக்கல், அதற்கும் எண்ணெய்தான் போகிறது.

கடைசியாக, டிரைவர் தோழர்களிடமும் வண்டி வைத்திருக்கும் தொழிலாளர்களிடமும் ஒரு வேலை கேட்கிறோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் டாங்கை விளிம்பு வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் எப்போதும்போல் ஓட்டுங்கள். மறுபடி அதே விளிம்பு வரை நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதுங்கள். ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் உங்கள் மைலேஜ். அடுத்த வாரம் மேலே சொன்ன முறைப்படி, முன்கூட்டியே கையைத் தளர்த்தி, பிரேக்கைக் குறைத்து ஓட்டிவிட்டு மறுபடி எழுதுங்கள். சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்கள் கூடவே இன்னும் மூன்று வரி எழுத வேண்டும். எங்கே எத்தனை மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள், எவ்வளவு பாரம் ஏற்றினார்கள், எந்தப் பழுதைச் சொல்லியும் சரிசெய்யவில்லை. படியில் பிடித்தம் செய்ய வரும்போது அந்த நோட்டை எடுத்து முன்னால் வைக்கலாம். கணக்கை நமக்கும் எழுதி அனுப்புங்கள். வண்டி எண்ணும் முதலாளி பெயரும் வேண்டாம், எந்த ஊர், என்ன வண்டி, எத்தனை கிலோமீட்டர் என்று இருந்தால் போதும். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.